பாலத்தில் ஏறியவள்

என் மனைவி சியு-ஹா டாக்ஸி ஓட்டுவாள், நான் பேசுவேன். எங்கள் பிழைப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் வாயைத் திறக்க மாட்டாள், நான் மூட மாட்டேன். "ஒரே நாளில் தைப்பே" என்று எங்கள் மஞ்சள் வண்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். காலையில் ஆளை ஏற்றிக்கொண்டு கோயில், கடைத்தெரு, வெந்நீர் ஊற்று, நூற்றொன்று மாடிக் கோபுரம் எல்லாம் காட்டி, சாயங்காலம் ரயிலடியில் இறக்கிவிடுவோம். முன்சீட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து நான் கதை சொல்லிக்கொண்டே வருவேன். முழங்கால் போய் நகரப் பேருந்து ஓட்டும் வேலையை விட்ட பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்து இவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். "இந்த வாயை எனக்கு ஒருத்திக்கே எதுக்குச் செலவழிக்கிறீங்க? வண்டியில வந்து உட்காருங்க" என்று அவள்தான் என்னை ஏற்றினாள்.

அவளுக்கு உயரம் போதாது. அடியில் ஒரு தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துத்தான் ஓட்டுவாள். ஆனால் எவ்வளவு பெரிய ஆபீசர் ஏறினாலும் அவள் சொன்னபடிதான் ஊரைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் இருபது இடம் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "அத்தனையும் பார்த்தா ராத்திரி படுக்கும்போது ஒண்ணுகூட நெனப்புல நிக்காது. பாதியை அடிங்க" என்பாள். எந்த இடத்திலும் கொஞ்ச நேரம் உட்காராமல் கிளம்பக் கூடாது. வரிசை நீளமாக இருந்தால் நிற்கக் கூடாது. மதியம் சாப்பிட்டதும் பின்சீட்டில் கட்டாயம் ஒரு தூக்கம் போட வேண்டும், அப்போது நான் மூச்சுவிடக் கூடாது. தூங்கி எழுந்தவனுக்குத்தான் மாலையில் ஊர் அழகாகத் தெரியும் என்பது அவள் கட்சி. இத்தனை வருடத்தில் அந்தத் தூக்கத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, யி-சுன் வந்த நாள் வரைக்கும்.

அது குளிர்கால மழைத்தூறல் நாள். போனில் சொன்னபடி பெரிய ஆஸ்பத்திரியின் பக்கவாசலுக்குப் போனோம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கூரைக்கு அடியிலேயே கறுப்புக் குடையை விரித்துப் பிடித்து நின்றாள். அந்தக் குடை அவள் தலைக்கு மேல் இல்லை. இன்னொரு கையில் இருந்த மூங்கில் கூடைக்கு மேல் இருந்தது. கூடைக்குள் சின்னத் தகரக் கிண்ணத்தில் ஒரு ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது, பக்கத்தில் பெயர் எழுதிய காகிதப் பலகை. பார்த்ததும் பயத்தில் என் பக்கத்துக் கதவைப் பூட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் ஆவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற சவாரி அது. வேண்டாம் என்று வண்டியைத் திருப்புகிற டாக்ஸிக்காரர்கள் உண்டு.

சியு-ஹா இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். கூடையைப் பார்த்து, "ஏறுங்க பெரியக்கா. தலை இடிச்சுக்கப் போறீங்க, குனிஞ்சு" என்றாள்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள்தான் யி-சுன். தெற்கே, பூதாய் கடற்கரையில் சிப்பி வளர்க்கிற குடும்பம். அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கத் தைப்பேக்குக் கூட்டி வந்திருக்கிறாள். அந்த அம்மாள் அதற்கு முன் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் கோபுரத்தின் முனை மட்டும் தெரியுமாம். "ஒரு நாள் சுத்திப் பாத்துட்டுப் போலாம்டி" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "நடக்க ஆரம்பிம்மா, போலாம்" என்று மகள் தள்ளிப்போட்டிருக்கிறாள். அம்மா நடக்கவே இல்லை. சாம்பல் பெட்டியை முந்தின நாளே அண்ணன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டான். செத்த இடத்தில் நிற்கிற ஆவியை அழைத்து வருவது மகளின் பொறுப்பு.

"சாயங்காலம் ரயில் அக்கா. அம்மாவுக்கும் சேத்து ரெண்டு சீட்டு எடுத்திருக்கேன். நாளைக்குக் காலைல ஊர்ல பூசாரி வந்துடுவாரு. நான் அம்மாவைக் கொண்டுபோய்ச் சேக்கலைன்னா வெறும் சாம்பலுக்குத்தான் சடங்கு நடக்கும். அம்மா இங்கேயே அனாதையா நின்னுடுவாங்க" என்றாள் யி-சுன். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, பாலம் வந்தா முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள்.

அதை எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆவிக்குத் தானாகத் தண்ணீரைத் தாண்டத் தெரியாது. ஒவ்வொரு பாலத்திலும், "பாலம் வருது, கூடவே வா" என்று பெற்ற பிள்ளை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் பாலத்தின் இந்தப் பக்கமே நின்றுவிடும். அடுத்தவர் கூப்பிட்டால் செல்லாது.

செத்தவர்களோடு பேச யி-சுன் இரண்டு நாணயம் வைத்திருந்தாள். கேள்வி கேட்டுவிட்டுப் போட வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் ஆமாம். இரண்டும் பூ என்றால் இல்லை. இரண்டும் தலை என்றால் சிரிக்கிறார்கள், திருப்பிக் கேட்க வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், அன்று காலையைப் போல ஒரு சவாரி எங்களுக்கு வாய்த்ததில்லை. லுங்ஷான் கோயிலில் அந்த அம்மாளுக்குத் திருப்தி. பெரிய நினைவு மண்டபத்தின் வாசலில், "எறங்கிப் பாக்கலாமாம்மா?" என்றதற்கு இல்லை, இல்லை, இல்லை. சியு-ஹா சிரித்தே விட்டாள். "எனக்கும் அது புடிக்காது பெரியக்கா. படி ஏறியே உசுரு போயிடும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். திஹுவா தெருவில் துணிக்கடைகளை விட்டு அம்மாள் கிளம்பவே மாட்டேன் என்றுவிட்டாள். போகலாமா என்று மகள் கேட்கக் கேட்க இல்லை என்றே விழுந்தது. யி-சுன் பூப்போட்ட துணி ஒன்றை வாங்கிக் கூடைக்குள் வைத்த பிறகுதான் ஆமாம் வந்தது.

"உசுரோட இருக்கும்போதும் இப்படித்தான். ஒரே பிடிவாதம். மாட்டுக்கறி நூடுல்ஸ் கடை இருக்கிற தெருவுலகூட நடக்க மாட்டாங்க. உப்பளத்துல எங்களுக்கு வண்டி இழுத்த மாடு ஒண்ணு இருந்துச்சு. அது போட்ட சோத்தைத் தின்னுட்டு அதையே திங்கறதான்னு கேப்பாங்க" என்றாள் யி-சுன், பெருமையாக.

நானும் என் பங்குக்குப் பேசிக்கொண்டே வந்தேன். கேட்கிற ஆள் இருக்கிறதா இல்லையா என்பது பேசுகிறவனுக்குத் தெரியும். அன்று பின்சீட்டில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருத்தியைக் கண்ணால் பார்த்தேன். இன்னொருத்தி என் கதை நீளும்போது கொட்டாவி விடுகிற மாதிரி, நல்ல இடத்தில் நிமிர்ந்து உட்காருகிற மாதிரி எனக்குப் பட்டது. பயம் போய்விட்டது. வழியில் வந்த சின்னப் பாலங்களிலெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னேன், யி-சுன் கூப்பிட்டாள்.

பெய்தோவில் வெந்நீர் ஓடையில் யி-சுன் காலை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். சாப்பிட்டோம். வண்டியில் ஏறியதும் சியு-ஹா தன் சட்டத்தைச் சொன்னாள். "தூங்கு பொண்ணே. எத்தனை நாளாச்சு நீ தூங்கி?"

"தெரியலக்கா" என்று சொன்னவள் கூடையை அணைத்தபடி அப்படியே சாய்ந்துவிட்டாள்.

நகரத்துக்குத் திரும்பும் பெரிய சாலையில் விபத்து. வண்டிகள் நகரவில்லை. ரயிலை நினைத்து சியு-ஹா பக்கத்தில் திரும்பினாள். ஒரு பாலத்தில் ஏறி ஆற்றைக் கடந்து, அக்கரையோடு போய், இன்னொரு பாலத்தின் வழியாக ஊருக்குள் நுழையும் சுற்றுவழி அது. பாலத்தின் இரும்பு வளைவு தெரிந்ததும் நான் பதறினேன்.

"எழுப்பு, எழுப்பு! பாலம்டி!"

"சத்தம் போடாதீங்க."

"அந்தப் பொண்ணு கூப்பிடணும்."

"அது பொணம் மாதிரி தூங்குது. ஒரு பத்து நிமிசம் தூங்கட்டுமே. செத்துப்போனா என்ன, கண்ணு அவிஞ்சா போயிடும்? மக முன்னால போறா. பின்னாலயே வரத் தெரியாதா? எந்தத் தாய் பிள்ளையை விட்டுட்டு நின்னுக்குவா?"

ஊரில் வேறு யார் இதைச் சொல்லியிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன். சொன்னது சியு-ஹா. பால் மறக்காத வயதில் இவளை எதிர்கால மருமகள் என்று தேயிலைத் தோட்டக்காரன் ஒருவன் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளை அப்படிக் கொடுப்பது உண்டு. அந்த வீட்டுக்காரியை இவள் "அத்தை" என்றுதான் கூப்பிட வேண்டும். பிறகு அந்தக் கல்யாணம் நடக்கவில்லை, இவள் எனக்கு வாய்த்தாள். கொடுத்தவள் யார், எந்த ஊர் என்று இவளிடம் யாரும் சொன்னதில்லை. இவளும் என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்தத் தாய் நின்றுகொள்வாள் என்று இவளே கேட்கும்போது நான் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பாலத்தையும் தாண்டிவிட்டோம்.

ஊருக்குள் வந்ததும் நான் பேச்சைத் தொடங்கினேன். இரண்டு வாக்கியத்தில் நின்றுவிட்டேன். காலியான கொட்டகைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. யி-சுன் விழித்து உட்கார்ந்திருந்தாள், தலையையும் ஆட்டினாள். ஆனால் பின்சீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

கோபுரத்தின் அடியில் இறங்கியபோது ஊதுபத்தி பாதியில் அணைந்து கிடந்தது. யி-சுன் புதிது கொளுத்தினாள், பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் பற்றவில்லை. "அம்மா, இதாம்மா நீ ஜன்னல்ல பாத்தது. தெரியுதா?" என்று நாணயத்தைப் போட்டாள். இரண்டும் தலை. மறுபடி இரண்டும் தலை. எத்தனை முறை போட்டாலும் அதே சிரிப்பு. வெறுங்கிணற்றில் கல்லைப் போட்டால் திரும்பி வருகிற சத்தம் மாதிரி, அதில் பதில் என்று எதுவும் இல்லை.

"அண்ணே, நான் தூங்கும்போது பாலம் எதுவும் வந்துச்சா?"

நான் சியு-ஹாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. "ரெண்டு வந்துச்சு. இவரு சொன்னாரு. நான்தான் எழுப்ப விடல. எம்மேல தப்பு" என்றாள்.

யி-சுன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூடையைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், வாங்கின துணியைக்கூட எடுத்துக்காம நின்னுக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

சியு-ஹா வண்டியைத் திருப்பினாள். அந்த அம்மாள் எந்தப் பாலத்தில் நின்றுபோனாள் என்பது தெரியாது. பக்கத்தில் இருந்தது இரண்டாவது பாலம்தான். அதைத் தாண்டி அக்கரைக்குப் போய், பாலம் தொடங்கும் இடத்தில் இறங்கினோம். மேலே லாரிகள் ஓடுகிற சத்தம். கீழே சேறு, நாணல், கறுப்புத் தண்ணீர். மழையில் வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிட்டிருந்தது.

கூப்பிடும்போது செத்தவரின் முழுப்பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். யி-சுன் அதைச் சொல்லவில்லை. காலையிலிருந்தே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா கூடவே இருந்தவரைக்கும் பெயர் தேவைப்படவில்லை. "அம்மா! வந்துடும்மா! வண்டி நிக்குது, ஏறிக்கோம்மா!" என்றுதான் அந்த ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். நாணயம் உடனே ஆமாம் என்றது. கை தொடுவதற்குள் ஊதுபத்தி பற்றிக்கொண்டது.

யி-சுன் சிரித்துக்கொண்டே அழுதாள். "பாலம் வருதும்மா, கூடவே வா" என்றாள். ஆமாம். "கோபுரம் பாக்கலாமாம்மா?" ஆமாம். "எம்மேல கோவமாம்மா?" ஆமாம். "கோவம் இல்லதானே?" அதற்கும் ஆமாம். அவள் அதைக் கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன். திரும்பி உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் மறுபடி கேட்கிற ஆள் இருந்தது. ஆனால் இந்த ஆள் கொட்டாவி விடவில்லை. நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் வாயிலிருந்து வாங்கிக்கொள்கிற மாதிரி முன்னால் குனிந்து, மிகவும் பக்கத்தில் இருந்தது. ஆற்றுச் சேற்றின் வாசனை. பின்சீட்டில் ஆள் இல்லாத பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்குப் பனி படிந்து மறைந்தது, படிந்து மறைந்தது. யாரோ வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு மூச்சு விடுகிறார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்கு அடுத்த வாக்கியம் மறந்துபோனது.

சியு-ஹா கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். ஓட்டும்போது பேசாதவள் அன்று பேசினாள். "பொண்ணே, பெரியக்காவுக்குப் பசிக்கும். என்ன வேணும்னு கேளு. மாட்டுக்கறி நூடுல்ஸ் சாப்பிடுறாங்களான்னு கேளு."

"என்னக்கா இது, அம்மாகிட்டப் போய்..."

"கேளேன்."

யி-சுன் கேட்டாள். நாணயம் கூடையின் மூடிமேல் விழுந்தது. ஆமாம். மறுபடி போட்டாள். ஆமாம். மூன்றாவது முறையும் ஆமாம். யி-சுன் மெதுவாகக் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவோரமாக நகர்ந்தாள். "இது எங்க அம்மா இல்ல" என்றாள்.

வண்டிக்குள் யாரும் மூச்சு விடவில்லை. பின்கண்ணாடியில் மட்டும் பனி படிந்தது.

"பயப்படாதே" என்றாள் சியு-ஹா. "ஆத்தங்கரையில எத்தனையோ பேரு நின்னுக்கிட்டிருப்பாங்க. நீ பேரு சொல்லல, அம்மான்னு மட்டும் கூப்பிட்டே. யாரும் கூப்பிடாத ஒருத்தி ஓடி வந்துட்டா. உங்கம்மா பேரு என்ன, ஏன் சொல்ல மாட்டேங்கிறே?"

யி-சுன் தலையைக் குனிந்துகொண்டாள். "வூ போங்-ச்சி. அம்மா பொறந்தப்ப வீட்டுல ஏற்கெனவே நாலு பொண்ணு. எப்படியோ வளந்து தொலையட்டும்னு அர்த்தம் வர்ற பேரை வச்சுட்டாங்க. யாராவது அந்தப் பேரைச் சொன்னா அம்மா முகம் செத்துப்போயிடும். நாங்க பிள்ளைங்க அதை வாயால சொன்னதே இல்ல."

"எழுதின பலகை மடியில இருக்கு. வாயால சொல்றதுல என்ன இருக்கு? அந்தப் பேருதான் உங்கம்மாவைக் காட்டும். இன்னைக்குச் சொல்லு."

முதல் பாலத்துக்கு விரைந்தோம். ரயிலுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் இரும்பு வளைவுக்குக் கீழே, நாங்கள் ஏறிய பக்கத்தில், யி-சுன் இறங்கி நின்றாள். காகிதப் பலகையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு, "பூதாய் ஊரு வூ போங்-ச்சி! நான் உன் மக யி-சுன்! தூங்கிட்டேம்மா, மன்னிச்சுக்கோ! வா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். நாணயம் ஆமாம் என்றது. யி-சுன் அதை நம்பவில்லை. "மாட்டுக்கறி நூடுல்ஸ் சாப்பிடுறியாம்மா?" என்றாள். இல்லை. மறுபடி போட்டாள். இல்லை. மூன்றாவது தடவை நாணயம் தெறித்துப் போய்ச் சேற்றில் விழுந்து, அங்கேயும் இல்லை என்று கிடந்தது.

"இதுதான் எங்கம்மா" என்று சேற்றோடு நாணயத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

நான் பின்கதவைத் திறக்கப் போனேன். சியு-ஹா தடுத்தாள். "அங்க ஏற்கெனவே ஒருத்தி உட்காந்திருக்கா. ரெண்டு பேரையும் ஒண்ணா உட்கார வைக்க வேணாம்." முன்கதவைத் திறந்தாள். பின்சீட்டைப் பார்த்து, "நீங்க முன்னால வாங்க" என்றாள். பிறகு என் சீட்டின் பெல்ட்டை இழுத்து, காலியான இடத்தின் குறுக்கே மாட்டினாள். "நீங்க பின்னால போங்க" என்று என்னிடம் சொன்னாள்.

என் வாழ்க்கையில் நான் வாயே திறக்காமல் போன சவாரி அதுதான். பின்சீட்டில் ஒரு ஓரத்தில் யி-சுன், நடுவில் கூடை, மறு ஓரத்தில் கதவோடு கதவாக நான். எனக்கு நேர் முன்னால் பெல்ட் மாட்டிய காலிச் சீட்டு. இப்போது முன்பக்கத்துக் கண்ணாடியில் பனி படிந்தது. பாலம் தாண்டும்போது யி-சுன் பெயர் சொல்லித் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். முன்சீட்டிலிருந்தவளை யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். வண்டிக்குள் இருக்கிறவளுக்கு அழைப்பு தேவையில்லையா, அல்லது யாரோ யாரையோ கூப்பிடுவதே அவளுக்குப் போதுமா, எனக்குத் தெரியவில்லை.

ரயிலடியில் யி-சுன் ஊதுபத்தியை அணைத்துச் சாம்பலைப் பூப்போட்ட துணியில் முடிந்துகொண்டாள். "ஊருக்குப் போலாமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம். "கோபுரத்து மேல ஏத்திக் காட்ட முடியலியேம்மா, பரவாயில்லையா?" இல்லை என்று விழுந்தது. யி-சுன் அழுதுகொண்டே சிரித்தாள். "பரவாயில்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. நானே இன்னொரு நாள் வந்து பாத்துட்டு உங்ககிட்ட வந்து சொல்றேம்மா" என்றாள். சியு-ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டாள். கூடைக்கு மேல் பிடித்த கறுப்புக் குடை மட்டும் படிக்கட்டு வரைக்கும் தெரிந்தது.

நாங்கள் மூன்று பேராகத் திரும்பினோம். யி-சுன்னை ரயிலடியில் விட்டாயிற்று, அவள் அம்மா ஊர் சேர்ந்துவிடுவாள். இனி என் வண்டி எனக்கு வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

இரண்டாவது பாலத்தைத் தாண்டி, அவள் ஏறிய இடத்தில் சியு-ஹா நிறுத்தினாள். தன் பையிலிருந்து இரண்டு நாணயம் எடுத்தாள். "உங்க எடம் வந்துடுச்சு. எறங்குறீங்களா?" ஆமாம். முன்கதவைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மழை உள்ளே அடித்தது. கதவைச் சாத்தினாள். "எறங்கிட்டீங்களா?" ஆமாம். முன்கண்ணாடியில் பனி படிந்தது, மறைந்தது, படிந்தது.

"பொய் சொல்லுதுடி" என்றேன் பின்னாலிருந்து. "கோயிலுக்கு ஓட்டு. பூசாரி பாத்துக்குவாரு."

சியு-ஹா காலிச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை கூரையில் அடித்தது. பிறகு இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத ஒரு குரலில், சின்னப் பிள்ளை மாதிரி, "உங்களுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம்.

"அதை யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

ஆமாம்.

"சியு-ஹா, வேணாம். அது எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்லும். நீதானே கண்டுபிடிச்சே? மாட்டுக்கறியை மறந்துட்டியா?"

"தெரியும்ங்க" என்றாள் திரும்பாமலே. "தெரிஞ்சுதான் கேக்குறேன்."

நாணயத்தை இரண்டு கைக்குள்ளும் மூடி நெற்றியில் வைத்துக்கொண்டாள். "நீங்க..." என்று நிறுத்தினாள். "நீங்க எங்க அம்மாவா?"

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

நாணயம் அவள் மடியில் விழுந்தது. இரண்டும் பூ.

அவள் மறுபடி போட்டாள். இரண்டும் பூ. விளக்கைப் போட்டு, குனிந்து பார்த்து, மூன்றாவது முறை போட்டாள். இரண்டும் பூ.

முன்கண்ணாடியில் கடைசியாக ஒரு முறை பனி படிந்து மெல்லக் கரைந்தது. மறுபடி படியவில்லை. சேற்று வாசனை போய்விட்டது. நான் அவசரமாக, சும்மா பார்ப்பதற்காக, எதையோ பேசினேன். கேட்பதற்கு அங்கே என் மனைவியைத் தவிர ஆள் இல்லை.

"எறங்கிட்டா" என்றேன். "நல்லவேளை. கிளம்பு."

சியு-ஹா கையை நீட்டி, காலிச் சீட்டின் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

"நாளு பூரா எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னாளே" என்றாள். "இதுக்கும் ஒரு ஆமா சொல்லியிருந்தா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே."